ஒக்டோபர் 17: பலகையில் மேலே யாரைப் போடுவது?

ஒழுங்கைத் துடுப்பு எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனை வாசிகசாலைப் பலகையில் ‘விளையாட்டில் இந்த நாள்’ என்று ஒரு தாள் ஒட்டும் வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. அடுத்தது ஒக்டோபர் 17. தேடிப் பார்த்தால் ஆட்கள் குவிந்து கிடக்கிறார்கள். அரவிந்த டி சில்வா (1965), தென்னாபிரிக்க கொல்ஃப் வீரர் ஏர்னி எல்ஸ் (1969), அனில் கும்ப்ளே (1970), பின்லாந்தின் ஃபோர்முலா 1 ஓட்டுநர் கிமி ராய்க்கோனன் (1979). நாலு பேருக்கும் ஒரே பிறந்தநாள். இது போதாதென்று, டெஸ்ட் ஓட்டங்களில் லாராவின் சாதனையைச் சச்சின் டெண்டுல்கர் தாண்டியதும் 2008இல் இதே நாளில்தான்.

தாள் ஏ4. தள்ளி நின்று வாசிக்கும் பெரியவர்களுக்காக எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டும், ஆகவே எல்லாரையும் அடைக்க முடியாது. இரண்டு கேள்விகள். மேலே பெரிய எழுத்தில் யார்? நான் பார்க்காமல் விட்டது என்ன?

கொட்டாஞ்சேனைக் கோல்கீப்பர் எழுதியது:

இதில் கேட்க என்ன இருக்கிறது? அரவிந்த. கொழும்பில் பிறந்தவர், கொழும்பில் படித்தவர், உலகக் கிண்ணத்தை வென்று தந்தவர். லாகூர் இறுதிப் போட்டியில் முதலில் 3 விக்கெட், 2 பிடி. பிறகு 23 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் போன நிலையில் வந்து ஆட்டமிழக்காமல் 107. ஒரே ஆள், ஒரே நாளில் செய்தது. மற்றவர்களைக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள்.

பம்பலப்பிட்டி நிலையம் எழுதியது:

அந்த ‘ஒரே நாள்’ மார்ச் 17, மச்சான். ஒக்டோபர் 17இல் அரவிந்த செய்த ஒரே காரியம் பிறந்தது. அதற்குக் கிண்ணம் கொடுப்பதென்றால் அவருடைய அம்மாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். சச்சின் அன்று உண்மையாகவே மட்டையைப் பிடித்து ஏதோ செய்தார். சாதனை முதலில், பிறந்தநாள் பிறகு. நான் இந்தக் கட்சி.

மருதானைச் சந்தி எழுதியது:

கட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியதும் 1972 ஒக்டோபர் 17. நடிகை கீர்த்தி சுரேஷ் பிறந்ததும் ஒக்டோபர் 17. சும்மா சொல்லி வைத்தேன்.

இழைப் பொறுப்பாளர் எழுதியது:

விளையாட்டுக்குள் நில்லுங்கள் தம்பி. கீர்த்தி சுரேஷைப் போட்டால் வாசிகசாலைக்குக் கூட்டம் வரும்தான். தாள் அன்று பின்னேரமே களவு போய்விடும்.

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

அரவிந்தவா கும்ப்ளேயா என்று தராசில் போடுவதை விட்டுவிட்டு, இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்ற இடங்களைப் பாருங்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், இந்தியாவோடு உலகக் கிண்ண அரையிறுதி. நாணயச் சுழற்சியில் வென்ற அசாருதீன் எங்களைத் துடுப்பெடுத்தாடச் சொன்னார். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் ஜயசூரியவும் ‘தேட் மேன்’ பக்கம், அதாவது விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், பிடி கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு ஓட்டத்துக்கு 2 விக்கெட். அந்தச் சுற்றுத்தொடரில் எங்கள் பலமே அந்த இரண்டு பேர்தான் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அரவிந்த வந்தார். விக்கெட் போயிருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம் என்ற யோசனை அவரிடம் இல்லவே இல்லை. 47 பந்தில் 66, அதில் 14 நான்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 56 ஓட்டங்கள் எல்லைக்கோட்டிலேயே வந்தவை.

அவரைப் போல்ட் ஆக்கியது யார்? கும்ப்ளே. ஒக்டோபர் 17காரனை ஒக்டோபர் 17காரன் வெளியே அனுப்பினான். அப்போது 85க்கு 4. ஆனால் அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போனார். மஹாநாம 58 அடித்து, தசைப்பிடிப்பில் களத்தை விட்டுப் போக, மொத்தம் 251க்கு 8 வந்தது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 98க்கு 2 என்று இருந்த இந்தியா 120க்கு 8. போத்தல்கள், அரங்கில் தீ, போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996 உலகக் கிண்ணத்தில் அதிக விக்கெட் எடுத்தவர் கும்ப்ளே, 15. கிண்ணம் இவருக்கு, விக்கெட் பட்டியல் அவருக்கு.

பம்பலப்பிட்டி நிலையம் எழுதியது:

இது மார்ச் 13. இன்னமும் ஒக்டோபர் வரவில்லை.

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

வரும், பொறுங்கள். அதற்கு முதல் 1997 ஓகஸ்ட், கெத்தாராம பிரேமதாச மைதானம், இந்தியாவோடு டெஸ்ட். 952க்கு 6. ஜயசூரிய 340, மஹாநாம 225, அரவிந்த 126. கும்ப்ளே 72 ஓவர் வீசி 223 ஓட்டம் கொடுத்து எடுத்தது ஒரே ஒரு விக்கெட். அந்த ஒன்று எதுவென்றால் மஹாநாம எல்.பி.டபிள்யூ. 39இல் சேர்ந்த சோடி 615இல்தான் பிரிந்தது, 576 ஓட்ட இணைப்பு. அதை உடைத்தவர் அவர். அதே 615இல் ஜயசூரியவும் போனார். 72 ஓவர் கைவிரல் தேயப் போட்டு, கடைசியில் பூட்டைத் திறந்த ஆள்.

கும்ப்ளேயின் மிக மோசமான கணக்குகளில் ஒன்று இது. எனக்கு மட்டும் இதை வைத்துத்தான் அவரைப் பிடிக்கும். டெல்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் 74 ஓட்டத்துக்கு எடுத்த நாள் யாருக்கும் பிடிக்கும். ஒன்றும் திரும்பாத கெத்தாராம ஆடுகளத்தில், மூன்றாம் நாளும் அதே ஓட்டத்தில் ஓடி வந்து அதே இடத்தில் பந்தைக் குத்துகிற ஆளை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

தெகிவளை அக்கா எழுதியது:

அந்த 1996 அரையிறுதி அன்று நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீட்டில்தான் கலர் டிவி என்பதால் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம், கீழ்வீட்டு முஸ்லிம் ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறை எடுத்து இருந்த இரண்டு பெடியன்கள், எல்லாரும் எங்கள் ஹோலில். இரண்டு விக்கெட் போனதும் அப்பா எழுந்துபோய் டிவியை நிறுத்தப் பார்த்தார். கீழ்வீட்டு ஐயா கையைப் பிடித்து இருத்திவிட்டார். அரவிந்த அடிக்க அடிக்க அறையில் ஒரு சத்தமும் இல்லை, யாராவது வாய் திறந்தால் ஆட்டமிழந்துவிடுவார் என்ற பயம். கும்ப்ளே போல்ட் ஆக்கியதும்தான் எல்லாரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினோம்.

மறக்காத இன்னொரு விஷயம். ஆட்டம் முடிந்து கீழே தெருவில் வெடி கொளுத்தினார்கள். அந்த இரண்டு பெடியன்களும் இறங்கிப் போக ஆசைப்பட்டார்கள். அம்மா முதலில் கேட்டது, “ஐடென்ரிக் கார்ட் சட்டைப் பையில் இருக்கிறதா?” ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு வந்த மார்ச் அது. இரவில் தெருவில் நிற்பது எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு லேசான காரியம் இல்லை. ஒருவன் போனான், ஒருவன் பல்கனியில் நின்று பார்த்தான்.

கொட்டாஞ்சேனைக் கோல்கீப்பர் எழுதியது:

அக்கா, அந்தக் குண்டுவெடிப்பைக் காரணம் காட்டித்தானே அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டோம் என்றன. இரண்டு ஆட்டத்தின் புள்ளியும் சும்மா கிடைத்தது. அதற்குப் பதிலாக இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து பெப்ரவரி 13 பிரேமதாசவில் வந்து விளையாடிவிட்டுப் போனார்கள். வசிம் அக்ரமும் சச்சினும் ஒரே பக்கம். அந்த அணியில் கும்ப்ளேயும் இருந்தார். வராத அவுஸ்திரேலியாவை லாகூரில் வைத்து அரவிந்த கவனித்துக்கொண்டார். எனக்குக் கும்ப்ளே மேல் மரியாதை அங்கேதான், பந்து சுழன்றதா என்பதெல்லாம் பிறகு.

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

பந்து சுழலாது என்பது உலகத்துக்கே தெரியும். 619 டெஸ்ட் விக்கெட் எடுத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பம்பலப்பிட்டித் தம்பி கேட்ட ஒக்டோபர். 2008 ஒக்டோபர் 17, மொஹாலி, அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் முதல் நாள். லாராவின் 11,953ஐத் தாண்டச் சச்சினுக்கு 15 ஓட்டங்கள் தேவை. தேநீர் இடைவேளை முடிந்து வந்ததும், முதல் டெஸ்ட் ஆடிய பீட்டர் சிடிலின் பந்தை ‘தேட் மேன்’ பக்கம் தட்டிவிட்டு மூன்று ஓட்டம் ஓடினார். வாணவேடிக்கை தொடங்கி, ஆட்டமே கொஞ்ச நேரம் நின்றது. அன்றே 12,000ஐயும் தாண்டி 88இல் அதே சிடிலிடம் ஆட்டமிழந்தார், சிடிலின் முதல் டெஸ்ட் விக்கெட். மறுமுனையில் நின்று ஓடியவர் கங்குலி.

இப்போது கேளுங்கள். அந்தத் தொடரில் இந்தியாவின் தலைவர் யார்? கும்ப்ளே. அன்று அவருக்கு 38 வயது நிறைந்த நாள். தோள்பட்டைக் காயம் என்பதால் அந்த டெஸ்டில் அவர் விளையாடவில்லை. டோனி தலைமை தாங்கினார். கும்ப்ளேயின் இடத்தில் வந்த அமித் மிஸ்ரா முதல் டெஸ்டிலேயே ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். இரண்டு கிழமை கழித்து, நவம்பர் 2, டெல்லியில் கும்ப்ளே விடைபெற்றார்.

சாதனையும் வேண்டும், பிறந்தநாளும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே மைதானத்தில் நின்ற நாள் இது. ஒருத்தருக்கு வாணவேடிக்கை, இன்னொருத்தருக்குக் காயத்தோடு பிறந்தநாள்.

பம்பலப்பிட்டி நிலையம் எழுதியது:

இப்போதுதான் ஒக்டோபர் வந்திருக்கிறது. இது மேலே போகலாம், என் ஆட்சேபம் வாபஸ்.

இரத்மலானை ஓடுபாதை எழுதியது:

நீங்கள் எல்லாரும் பழைய ஆட்களையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒக்டோபர் 17இன் உண்மையான குணம் வேறு. பெரிய அணிகளைச் சின்ன அணிகள் கவிழ்க்கிற நாள் அது. தொடர்ந்து மூன்று வருடம்.

2021, ஓமானின் அல் அமராத். ரி20 உலகக் கிண்ணத்தின் முதல் நாள். ஸ்கொட்லாந்து 53க்கு 6 என்று படுத்துக் கிடந்தது. கிறிஸ் கிரீவ்ஸ் என்று ஒரு ஆள் 45 அடித்து 140க்குக் கொண்டுபோய், பிறகு பந்தாலும் 2 விக்கெட் எடுத்தார். பங்களாதேஷ் 134, ஆறு ஓட்டத்தால் தோல்வி. சில மாதங்களுக்கு முன்வரைக்கும் அந்த கிரீவ்ஸ் வீடு வீடாகப் பார்சல் விநியோகித்த ஆள் என்று அவருடைய தலைவரே ஆட்டம் முடிந்த பிறகு சொன்னார்.

2022, ஹோபார்ட். அதே ஸ்கொட்லாந்து மேற்கிந்தியத் தீவுகளை 42 ஓட்டத்தால் வென்றது. மன்சி ஆட்டமிழக்காமல் 66, மார்க் வொட் 12 ஓட்டத்துக்கு 3. இரண்டு தடவை கிண்ணம் வென்ற மேற்கிந்தியத் தீவுகள் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனதற்கு அன்றே அத்திவாரம் போட்டாயிற்று.

2023, தரம்சாலா, ஒருநாள் உலகக் கிண்ணம். மழையால் 43 ஓவர். நெதர்லாந்து 245, ஸ்கொட் எட்வேர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 78. தென்னாபிரிக்கா 207. அந்தத் தென்னாபிரிக்கா அதற்குப் பத்து நாளைக்கு முன்புதான் எங்களுக்கு எதிராக 428 அடித்திருந்தது. முன்பு தென்னாபிரிக்காவுக்கே விளையாடிய வன் டர் மேர்வ, நெதர்லாந்துச் சட்டையோடு வந்து 29 ஓட்டமும் 2 விக்கெட்டும் எடுத்தார்.

ஒரு நாளுக்கு என்று ராசி இருந்தால் இதுதான். பலகையில் ‘கவிழ்ப்பு நாள்’ என்று போடுங்கள்.

மருதானைச் சந்தி எழுதியது:

நல்ல காலம், நமீபியா எங்களை ஜீலோங்கில் 55 ஓட்டத்தால் கவிழ்த்தது 2022 ஒக்டோபர் 16. ஒரு நாள் முந்திவிட்டது. இல்லாவிட்டால் அதையும் பலகையில் ஒட்டச் சொல்லியிருப்பீர்கள்.

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

2021 ஆட்டத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சர்வதேச ரி20இல் அதிக விக்கெட் என்ற மாலிங்கவின் 107ஐ ஷகிப் அல் ஹசன் தாண்டியது அன்றுதான், அந்தத் தோற்ற ஆட்டத்தில். சாதனை படைத்தும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போக வேண்டிய நிலை.

ராசி என்பதை மட்டும் ஏற்க முடியாது. ஐ.சி.சி. போட்டிகள் அந்த மூன்று வருடமும் ஒக்டோபரில் தொடங்கின, ஆரம்பக் கட்டத்தில் சின்ன அணிகளோடு ஆட்டம் வைப்பார்கள், கவிழ்ப்பும் அப்போதுதான் நடக்கும். நாளுக்கு அதில் என்ன சம்பந்தம்? அட்டவணை போட்டவனைக் கேளுங்கள்.

இரத்மலானை ஓடுபாதை எழுதியது:

ஐயா, எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லி மனிதனுடைய சந்தோசத்தைக் கெடுக்காதீர்கள்.

நேரக்கோடு எழுதியது:

ஒரு அடிப்படைக் கேள்வி. எந்த ஊர் ஒக்டோபர் 17? 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்போல் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்கும் நேரம், பின்னேரம் 5.04க்கு நிலநடுக்கம் வந்தது. ரிக்டர் கதை எல்லாம் வேண்டாம், 63 பேர் இறந்தார்கள். மோதவிருந்த இரண்டு அணிகளும் அந்த வளைகுடாவின் இரண்டு பக்கத்து ஊர்க்காரர்கள். ஆட்டம் பத்து நாள் கழித்துத்தான் நடந்தது. அமெரிக்கக் கணக்கில் அது ஒக்டோபர் 17. கொழும்பில் அப்போது விடியற்காலை 5.34, ஒக்டோபர் 18. எங்கள் வாசிகசாலைப் பலகையில் எந்த நாளில் போடுவது?

கொட்டாஞ்சேனைக் கோல்கீப்பர் எழுதியது:

நடந்த ஊர் நாள்தான். இல்லாவிட்டால் பெரிய வில்லங்கம். நாங்கள் எங்கள் மணிக்கூட்டையே நம்ப முடியாத நாட்டில் இருந்தவர்கள். 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபர் கடைசியில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள், மிச்ச அரையை 2006 ஏப்ரலில். “பழைய நேரமா புதிய நேரமா?” என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போக முடியவில்லை. கொழும்பு நேரத்துக்கு மாற்றி எழுதத் தொடங்கினால் ஒழுங்கைத் துடுப்பு தம்பிக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேரக்கோடு எழுதியது:

அப்படியென்றால் 2004? அதே பேஸ்போல், பொஸ்டன் ரெட் சொக்ஸ், நியூயோர்க் யாங்கீஸ், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் நாலாவது ஆட்டம். ஒக்டோபர் 17 இரவு தொடங்கி நடுச்சாமம் தாண்டித்தான் முடிந்தது. அதற்கு முதல் மூன்று ஆட்டமும் தோற்றிருந்த பொஸ்டன் அங்கிருந்து எழுந்து நாலும் வென்று, அப்படியே உலகத் தொடரையும் 1918க்குப் பிறகு முதல் தடவையாக வென்றது. வெற்றி அடி விழுந்தபோது அந்த ஊரிலேயே 18 பிறந்துவிட்டது.

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

ஆட்டம் தொடங்கிய நாள். ஸ்கோர் புத்தகத்தில் மேலே எழுதுவதும் அந்த நாள்தான். ஆனால் வெள்ளவத்தையில் பேஸ்போல் வாசிக்க எத்தனை பேர்? நிலநடுக்கத்தை ஒரு வரியில் போடலாம், மற்றதை விடுங்கள்.

பொரளைப் புல்வெளி எழுதியது:

கொல்ஃப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்ஸ் பிறந்ததை மட்டும் சொல்லிவிட்டு விட்டீர்களே, அதே நாளின் பெரிய விஷயம் 1860 ஒக்டோபர் 17. ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் முதலாவது ஓப்பன் சாம்பியன்ஷிப். மொத்தம் எட்டே எட்டுப் பேர். 12 குழி மைதானத்தை மூன்று சுற்று சுற்றி 36 குழியையும் ஒரே நாளில் முடித்தார்கள். வில்லி பார்க் பந்தை 174 தடவை அடித்து முடித்து, ஓல்ட் டொம் மொரிஸை இரண்டு அடியால் வென்றார். பரிசு கிண்ணம் இல்லை, சிவப்புத் தோலால் செய்த இடுப்புப் பட்டி.

அந்த நாளில் பிறந்த எல்ஸ் அதே ஓப்பனை 2002இலும் 2012இலும் வென்றார். 2012இல் அடம் ஸ்கொட் கடைசி நாலு குழியிலும் ஒவ்வொரு அடியாகக் கோட்டைவிட, எல்ஸ் ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். தேதிப் பொருத்தம் என்று ஒன்று இருந்தால் இதைவிட நல்ல பொருத்தம் உங்கள் கிரிக்கெட்டில் இல்லை.

மருதானைச் சந்தி எழுதியது:

எங்களுக்குத் தெரிந்த கொல்ஃப், களனிவெளி ரயிலில் போகும்போது பொரளைப் பக்கம் ஜன்னலால் தெரிகிறதுதான். ரயில் மைதானத்துக்கு நடுவால் போகும், அவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு ரயில் போகும்வரை நிற்பார்கள். நாங்கள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு அவர்களைப் பார்ப்போம், அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள்.

பொரளைப் புல்வெளி எழுதியது:

அந்தக் கழகம் 1879இல் தொடங்கியது தம்பி. தொங்கிக்கொண்டு பார்த்தாலும் சரித்திரம் சரித்திரம்தான்.

சிவப்புக் கார் எழுதியது:

கிமியைப் பற்றி ஒருத்தராவது எழுதுவீர்கள் என்று காலையிலிருந்து பார்க்கிறேன், எல்லாம் மாமாமார் கிரிக்கெட். 2007 ஒக்டோபர் 17இல் அவருக்கு 28 வயது. நாலு நாள் கழித்து பிரேசிலில் கடைசிப் பந்தயம். புள்ளிப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் நின்ற ஆள், ஹமில்டனும் அலொன்சோவும் தலா 109இல் நிற்க, 110 எடுத்து உலக சாம்பியன். ஒரே ஒரு புள்ளி. ஃபெராரிக்கு ஓட்டுநர் பட்டத்தைக் கடைசியாக வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

2012 அபுதாபியில் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தவரிடம் வானொலியில் பொறியியலாளர் ஏதோ அறிவுரை சொல்லப்போக, “என்னைச் சும்மா விடுங்கள், என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்” என்றார். வென்றும் காட்டினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அரவிந்த யாரென்று அப்பா சொல்லித்தான் தெரியும். கிமியைத் தெரியாதவர் இல்லை.

கொட்டாஞ்சேனைக் கோல்கீப்பர் எழுதியது:

மகள், அப்பா சொன்னதையும் ஒருக்கா கேளுங்கள். 1997இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம், இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. 138, 103. அவருக்கு முதல் உலகத்தில் ஒருத்தரும் செய்யாதது.

தெகிவளை அக்கா எழுதியது:

இவ்வளவு நீளமான இழையில் ஒரு பெண்ணின் பெயரும் வரவில்லையே? கீர்த்தி சுரேஷைத் தவிர. அவரையும் துரத்திவிட்டீர்கள்.

மருதானைச் சந்தி எழுதியது:

சுசந்திகா ஜயசிங்க 17ஆம் திகதி பிறந்தவர்தானே?

தெகிவளை அக்கா எழுதியது:

1975 டிசம்பர் 17. திகதி சரி, மாதம் வேறு. இல்லாததை இழுத்துவந்து ஒட்ட வேண்டாம். ஆனால் தம்பி, டிசம்பர் 17 தாளை இப்போதே எனக்கு எழுதி வையுங்கள். சிட்னி 2000, 200 மீற்றர், மூன்றாவதாக ஓடி முடித்து, முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிபோன பிறகு வெள்ளியாக உயர்ந்த கதை. அன்றைக்கு மேலே யார் என்று ஒருத்தரும் விவாதம் வைக்கக் கூடாது.

ஒழுங்கைத் துடுப்பு எழுதியது:

டிசம்பர் 17 அக்காவுக்குத்தான், குறித்துக்கொண்டேன்.

ஒக்டோபருக்கு இப்படி யோசிக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் அரவிந்தவும் கும்ப்ளேயும் சேர்ந்து ஒரே பெட்டியில். உள்ளே ஈடன் கார்டன்ஸ் பந்தும் கெத்தாராமவின் 952உம். அதற்குக் கீழே மொஹாலி 2008, கும்ப்ளே வெளியில் இருந்த விஷயத்தோடு. பிறகு மூன்று கவிழ்ப்பும் மூன்று வரி. பிரெஸ்ட்விக்கும் எல்ஸும் ஒரே வரியில். நிலநடுக்கம் ஒரு வரி. கிமிக்கு ஒரு படம்.

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

அரவிந்தவின் பெட்டியில் இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ் 2002 ஜூலையில் பங்களாதேஷுக்கு எதிராக, 206. ஆடிய இடம் பொரளை பி. சரவணமுத்து மைதானம். எங்கள் தமிழ் யூனியன் கழகத்தின் வீடு, முரளி கழகத்துக்கு ஆடிய இடம், இலங்கை தன் முதலாவது டெஸ்டை 1982இல் ஆடிய இடம். பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரில் இருக்கிறது என்பது இன்றைய பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது, ‘பி சாரா’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வாசிகசாலைப் பலகை தமிழில்தானே, முழுப்பெயரைப் போடுங்கள்.

பம்பலப்பிட்டி நிலையம் எழுதியது:

ஜூலை! ஒக்டோபர் தாளில் ஜூலையா?

ஸ்கோர் புத்தகம் எழுதியது:

ஒரே ஒரு வரி தம்பி. பிறந்தநாள்காரருக்குப் பரிசாக இருக்கட்டும்.

ஒழுங்கைத் துடுப்பு எழுதியது:

போடுகிறேன் ஐயா. இடம் பிடிக்கப் பேஸ்போலைத் தூக்கிவிட்டேன், நேரக்கோடு அண்ணா கோபிக்க வேண்டாம். நிலநடுக்கத்தைக் கொழும்புக் கணக்கில் ஒக்டோபர் 18 தாளுக்கு மாற்றிவிடலாம். அங்கே பொப் பீமன் 1968இல் மெக்சிகோவில் 8.90 மீற்றர் பாய்ந்ததும் மார்ட்டினா நவ்ரதிலோவாவின் பிறந்தநாளும் இருக்கின்றன, ஆனால் தாளில் இன்னும் இடம் இருக்கிறது.

நேரக்கோடு எழுதியது:

அப்போ நான் கேட்டதற்குப் பதில் கொழும்பு நேரம் என்றுதானே அர்த்தம்?

கொட்டாஞ்சேனைக் கோல்கீப்பர் எழுதியது:

தொடங்கிவிட்டார்.

சிவப்புக் கார் எழுதியது:

கிமியின் படம் 2007 ஃபெராரிச் சட்டையோடு இருக்கிறதாகப் பார்த்துப் போடுங்கள் அண்ணா. கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தால் நான் வந்து சிவப்புப் பேனையால் நிறம் தீட்டுவேன்.